புதிய பாட்டுக்கு யார் காசு கொடுப்பது?

(எங்கள் வானொலியின் மாதாந்தப் பேச்சு வரிசையில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இந்த மாதப் பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்ட விடயம் ஒபேரா. இந்தச் சொல்லைக் கேட்டவுடனேயே உங்களில் சிலர் வானொலியை நிறுத்தக் கையை நீட்டியிருப்பீர்கள். அது வசதியான வெள்ளைக்காரர் கோட்டுப் போட்டுக்கொண்டு போய்ப் பார்க்கிற சங்கதி, விளங்காத மொழியில் உச்சக் குரலில் பாடுவார்கள், அதற்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். நான் இசை விற்பன்னன் அல்லன். வர்த்தகம் படித்துக் கணக்கெழுதிப் பிழைக்கிறவன். ஆகவே இந்த விடயத்தையும் ஒரு கணக்காளனின் கண்ணோடுதான் பார்க்கப் போகிறேன். முடிவில் உங்களிடம் ஒரு கோரிக்கையும் வைக்கப் போகிறேன்.

ஒபேரா என்றால் என்ன? ஒரு கதையை வசனமாகப் பேசாமல் பாட்டாகவே பாடி நடிப்பது. அவ்வளவுதான். இப்படிச் சொன்னால் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் பிறந்தவர்களுக்கு உடனே விளங்கிவிடும். காங்கேசன்துறையில் 1924 இல் பிறந்த நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்கள் அரிச்சந்திரனாக வந்து மயான காண்டத்தில் பாடியதை நேரில் கேட்டவர்கள் இந்த நகரத்திலேயே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கோயில் வீதியில் பாய் விரித்து, விடிய விடியக் கண் முழித்து, சந்திரமதி அழும்போது தாங்களும் அழுதவர்கள். வைரமுத்து அவர்கள் 1989 இல் காலமாகும் வரை அந்த நாடகத்தை ஆயிரக்கணக்கான முறை மேடையேற்றினார். அது இசைநாடகம். இத்தாலிக்காரர் அதை ஒபேரா என்கிறார்கள். வடமோடி, தென்மோடிக் கூத்துகளும் அப்படித்தான். ஆகவே ஒபேரா எங்களுக்கு அந்நியமான கலை அல்ல, பெயர்தான் அந்நியம்.

ரொறன்ரோவில் ஒரு பட்டறை

இனி, இந்த நகரத்தில் புதிய ஒபேரா எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். ரொறன்ரோவில் ரப்பெஸ்ரி ஒபேரா என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. வெய்ன் ஸ்ரோங்மன் என்பவர் 1979 இல் ஒரு பாடகர் குழுவாக இதைத் தொடங்கினார். காலப்போக்கில் அது பழைய ஒபேராக்களை விட்டுவிட்டு, கனடாவில் வாழ்பவர்கள் எழுதும் புதிய ஒபேராக்களை மட்டுமே வளர்க்கும் இடமாக மாறியது. பல வருடங்கள் டிஸ்ரிலறி வட்டாரத்தின் பழைய செங்கல் கட்டடம் ஒன்றில் இயங்கி வந்தது.

இவர்கள் 1995 முதல் ஒரு பட்டறை நடத்தி வருகிறார்கள். நான்கு இசையமைப்பாளர்கள், நான்கு எழுத்தாளர்கள். ஏறக்குறையப் பத்து நாட்கள் இவர்களை ஒன்றாக அடைத்து வைக்கிறார்கள் என்றே சொல்லலாம். ஒவ்வோர் எழுத்தாளரும் ஒவ்வோர் இசையமைப்பாளரோடும் மாறி மாறிச் சோடி சேர வேண்டும். எழுத்தாளர் ஒரு சின்னக் காட்சி எழுதிக் கொடுப்பார். இசையமைப்பாளர் ஓரிரு நாட்களுக்குள் அதற்கு இசை அமைக்க வேண்டும். தேர்ந்த பாடகர்கள் பியானோவோடு அதை உடனே பாடிக் காட்டுவார்கள். நாலு நாலு பதினாறு. ஆக, பட்டறை முடியும்போது பதினாறு குறுங்காட்சிகள் வரை கையில் இருக்கும். ஒவ்வொன்றும் ஐந்து, பத்து நிமிடம்.

அதன் பிறகு அவற்றுள் தேறியவற்றைப் பொறுக்கி, பொதுமக்கள் முன் ஒரு மாலை நிகழ்ச்சியாகக் காட்டுகிறார்கள். பெரிய வாத்தியக் குழு கிடையாது, ஆடம்பர மேடை கிடையாது. ஒரு சில பாடகர்கள், பியானோ, நாலு கதிரை. சில காட்சிகள் நன்றாக இருக்கும், சில சுமாராக இருக்கும், சில எடுபடாமலே போகும். பார்க்க வருகிறவர்களும் அது தெரிந்துதான் வருகிறார்கள். எந்தக் காட்சி சபையைப் பிடித்துக்கொள்கிறதோ, அதைத் தொடர்ந்து வளர்க்க அந்தச் சோடிக்கு வாய்ப்பு வருகிறது. அது ஒரு மணி நேரப் படைப்பாகலாம், முழு ஒபேராவாகவும் ஆகலாம். ஆனால் அதற்குப் பல வருடங்கள் எடுக்கும்.

இந்த முறை எங்கள் மூத்தவர்களுக்குத் தெரியாததா? மட்டக்களப்பில் ஒரு கூத்துப் பழக்குவதென்றால் முதலில் சட்டம் கொடுப்பார்கள். இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று அண்ணாவியார் பாட்டு எழுதிய ஏட்டைக் கையில் கொடுப்பார். பிறகு மாதக்கணக்கில் பழக்கம். சதங்கை அணி விழா. அதன் பின் ஊரவர் பார்க்கக் கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல். அந்த நேரத்தில் ஊர்ப் பெரியவர்கள் சுற்றியிருந்து, இந்தத் தாளம் பிசகுது, அந்த வரவு போதாது என்று சொல்லித் திருத்துவார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் அரங்கேற்றம். பார்வையாளர்களை நடுவிலேயே கூப்பிட்டுக் காட்டித் திருத்துகிற இந்த வேலையைத்தான் ரப்பெஸ்ரிக்காரரும் செய்கிறார்கள்.

பாட்டெழுதுபவரும் மெட்டமைப்பவரும் சோடி சேருவதும் எங்களுக்குப் புதிதல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் சீர்காழி அருணாசலக் கவிராயர் இராம நாடகக் கீர்த்தனைகளை எழுதினார். அவற்றுக்கு இசை அமைக்கத் துணை நின்றவர்கள் சட்டநாதபுரத்தைச் சேர்ந்த அவருடைய மாணாக்கர்களான வெங்கடராமையரும் கோதண்டராமையரும். எழுதியவர் ஒருவர், மெட்டுப் போட்டவர்கள் இருவர். மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் போன்ற கொடையாளிகள் கவிராயரை அழைத்துப் பொருள் கொடுத்துச் சிறப்பித்தார்கள். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம் அச்சேறுவதற்குக் காரைக்காலில் இருந்த ஒரு பிரெஞ்சு அதிகாரி உதவினார். ஆகவே இன்று நாங்கள் பழமை என்று போற்றுகிற எல்லாமும் ஒரு காலத்தில் புதுமைதான். அந்தப் புதுமைக்கு அன்று யாரோ ஒருவர் காசு கொடுத்திருக்கிறார். என் பேச்சின் மையமே இதுதான்.

மற்றச் சமூகங்கள் என்ன செய்தன?

2001 ஆம் ஆண்டு வசந்த காலத்தில், இங்கே யங் வீதியில் உள்ள எல்ஜின் தியேட்டரில், ரப்பெஸ்ரி நிறுவனம் "அயன் றோட்" என்ற ஒபேராவை மேடையேற்றியது. இரும்புப் பாதை என்று பொருள். இசை அமைத்தவர் சான் கா நின். ஹொங்கொங்கில் பிறந்து, பதின்ம வயதில் கனடாவுக்கு வந்து, ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராக இருந்தவர். பாட்டெழுதியவர் மார்க் பிறவ்னல். ஆங்கிலமும் சீனர்களின் கன்ரனீஸ் மொழியும் கலந்த படைப்பு. 1880களில் கனடாவின் இரயில் பாதையைப் போட வந்த சீனத் தொழிலாளர்களின் கதை. தகப்பனைத் தேடி ஆண் வேடத்தில் வருகிற ஒரு பெண்தான் கதாநாயகி.

அந்தத் தொழிலாளர்களின் வரலாறு உங்களுக்குத் தெரிந்திருக்கும். 15,000 பேருக்கு மேல் வந்தார்கள். மலையை வெடி வைத்து உடைத்தார்கள், நூற்றுக்கணக்கில் செத்தார்கள். 1885 இல் பாதை முடிந்தது. அதே வருடம் அரசாங்கம் சீனர் மீது தலைக்கு 50 டொலர் வரி போட்டது. 1903 இல் அது 500 டொலராயிற்று. 1923 முதல் 1947 வரை சீனர் வருவதே ஏறக்குறைய முற்றாகத் தடுக்கப்பட்டது. கனடாப் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2006 இல். மன்னிப்புக்கு ஐந்து வருடம் முன்பே அந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஓர் இசையமைப்பாளர் அந்தக் கதையை ரொறன்ரோவின் நடுவே பாட வைத்துவிட்டார்.

இன்னொன்று. அலிஸ் ஹோ என்ற இசையமைப்பாளரும் மார்ஜரி சான் என்ற எழுத்தாளரும் சேர்ந்து "த மங்கியெஸ்ட் கிங்" என்ற சிறுவர் ஒபேராவைச் செய்தார்கள். சீனப் புராணத்தின் குரங்கரசன் கதை. 1968 இல் தொடங்கிய கனடியச் சிறுவர் ஒபேராக் குழு அதை 2018 இல் ரொறன்ரோவில் மேடையேற்றியது. பாட்டன் பாட்டி சொன்ன கதையைப் பல இனப் பிள்ளைகள் சேர்ந்து பாடினார்கள். எங்களிடமும் அனுமார் இருக்கிறார், நேயர்களே. அனுமாரின் கதையை இந்த ஊர்ப் பிள்ளைகள் பாடத்தக்க விதமாக, இந்த ஊரிலேயே ஒருவர் எழுதி, இன்னொருவர் இசை அமைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அரங்கேற்றக் கணக்கு

இப்போது கணக்குக்கு வருவோம். எங்கள் சமூகம் கலைக்குச் செலவு செய்யாத சமூகம் என்று யாரும் சொல்ல முடியாது. அகதியாக வந்து, இரண்டு வேலை செய்து, தொழிற்சாலையில் இரவு முறை நின்று, அந்தக் காசில் பிள்ளையைச் சங்கீதத்துக்கும் வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் பரதத்துக்கும் அனுப்பிய பெற்றோர் நீங்கள். பனிக்காலத்தில் வகுப்பு முடியும் வரை காருக்குள் காத்திருந்தவர்கள். அது சிறிய தியாகமல்ல.

ஆனால் அந்தச் செலவு எங்கே போகிறது என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள். ஓர் அரங்கேற்றத்தை எடுத்துக்கொள்வோம். மண்டப வாடகை, மேடை அலங்காரம், ஒலி, ஒளி, உடுப்பு, நகை, அழைப்பிதழ், மலர், வீடியோ, படப்பிடிப்பு, பக்கவாத்தியக் கலைஞர்களின் விமானச் செலவு, தங்குமிடம், குருவுக்கான காணிக்கை, விருந்தினர் சாப்பாடு. ஐந்து இலக்கத் தொகையை அது எளிதில் எட்டிவிடும். இதில் எந்த வரியையும் நான் குறை சொல்லவில்லை. பிள்ளையின் பெருநாள், பெற்றோரின் மனநிறைவு. நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் பட்டியலில் "புதிய உருப்படி ஒன்று ஆக்கியவருக்கு" என்று ஒரு வரி இருக்கிறதா? பெரும்பாலும் இல்லை. பாடுவது, ஆடுவது எல்லாம் யாரோ எப்போதோ வேறோர் ஊரில் ஆக்கியவை.

அரங்கேற்றம் என்ற சொல்லையே பாருங்கள். மாதவியின் அரங்கேற்றம் சிலப்பதிகாரத்தில் வருகிறது. அது ஆடல் மகளின் அரங்கேற்றம். ஆனால் நூலுக்கும் அரங்கேற்றம் உண்டு. கம்பர் தம் இராமாயணத்தைத் திருவரங்கத்தில் அரங்கேற்றினார் என்பது மரபு. சேக்கிழார் பெரிய புராணத்தைத் தில்லையில் அரங்கேற்றினார் என்பதும் மரபு. புதிய ஆக்கம் ஒன்றைச் சபை முன் வைத்து, சபையோர் கேட்டு ஏற்றுக்கொள்வதும் அரங்கேற்றம். இந்த இரண்டாவது பொருளை நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டு வருகிறோம் என்பதே என் கவலை.

இதற்குச் சிலர் சொல்லக்கூடிய பதிலும் எனக்குத் தெரியும். "தம்பி, பிள்ளைகள் பழைய கீர்த்தனையையே ஒழுங்காகப் பாடமாக்கவில்லை. அதற்குள் புதிது எதற்கு?" நியாயமான கேள்வி. ஆனால் பழையதை நன்றாகக் கற்றவர்கள்தான் புதியதைச் செய்திருக்கிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் கூத்தை மீட்டெடுத்தபோது மரபுக் கூத்தாகிய கர்ணன் போரை முதலில் செம்மைப்படுத்தினார். அந்த அடித்தளத்தில் நின்றுதான் அவருடைய மாணவர் சி. மௌனகுரு இராவணேசனை எழுதினார். விடிய விடிய ஆடியது சில மணி நேரத்துக்குச் சுருங்கியது. ஆட்டமும் பாட்டும் பழையவை. இராவணனின் மனப்போராட்டம் புதியது. அதற்காகக் கூத்து அழிந்துவிடவில்லை. அதனால்தான் கூத்து அடுத்த தலைமுறைக்கு வந்தது.

இங்கேயே இன்னொரு சான்று இருக்கிறது. பழனி சுப்பிரமணியபிள்ளையின் மாணவரான மிருதங்க வித்துவான் திருச்சி சங்கரன் 1971 இல் யோர்க் பல்கலைக்கழகத்துக்கு வந்து, ஜோன் ஹிக்கின்ஸ் அவர்களோடு சேர்ந்து அங்கே கர்நாடக இசைக் கல்வியைத் தொடங்கினார். சென்னை மியூசிக் அக்கடமி 2011 இல் சங்கீத கலாநிதி விருது கொடுத்த மரபு வித்துவான் அவர். அதே வித்துவான்தான் இந்த நகரத்து இசைக்கலைஞர்களோடு சேர்ந்து, இந்தோனேசியாவின் கமெலான் வாத்தியக் குழுவுக்குக் கூடப் புதிய உருப்படி ஆக்கினார். மரபில் காலூன்றி நின்றதால் புதியதைச் செய்ய அவர் பயப்படவில்லை. இலங்கையில் பிறந்து கனடாவில் வாழும் டினுக் விஜேரட்ண தபேலாவையும் மேற்கத்திய வாத்தியக் குழுவையும் இணைத்து ஒரு கொன்சேட்டோ எழுதினார். வேறொரு படைப்புக்காக 2016 இல் ஜூனோ விருதும் பெற்றார்.

2025 மார்ச் மாதம் இளையராஜா லண்டனில் தமது முதலாவது சிம்பொனியை அரங்கேற்றியபோது நாங்கள் எல்லோரும் பெருமைப்பட்டோம். பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்து, தன்ராஜ் மாஸ்ரரிடம் மேற்கத்திய இசையின் எழுத்து முறையைக் கற்றவர் அவர். எங்கள் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் மிசிசாகாவிலும் வளர்ந்த பிள்ளைகளில், வாரத்தில் ஒரு நாள் றோயல் கொன்சவேற்றறிப் பரீட்சைக்குப் பியானோவும் இன்னொரு நாள் கர்நாடக சங்கீதமும் கற்றவர்கள் எத்தனை பேர்! சுரத்தாளும் வாசிப்பார்கள், ஆதி தாளமும் போடுவார்கள். இரண்டு இசை மொழியும் தெரிந்த இப்படி ஒரு தலைமுறை எங்களுக்கு முன்பு இருந்ததில்லை. ஆனால் பரீட்சைச் சான்றிதழைச் சுவரில் மாட்டியவுடன் பெரும்பாலானோரின் பயணம் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு "நீ ஒன்று ஆக்கு, நாங்கள் கேட்கிறோம்" என்று சொல்ல ஆள் இல்லை.

யாருடைய பாட்டு?

இது வெறும் கலை விருப்பம் பற்றிய பேச்சல்ல. எங்கள் கதையை நாங்கள் பாடாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

கனடாவின் நூற்றாண்டு விழாவான 1967 இல் "லூயி றியல்" என்ற ஒபேரா ரொறன்ரோவில் மேடையேறியது. இசை ஹரி சோமர்ஸ், எழுத்து மேவர் மூர். புளொய்ட் சால்மர்ஸ் என்ற பத்திரிகைத் துறைப் பெரியவரின் அறக்கட்டளை காசு கொடுத்து ஆக்குவித்தது. மெற்றி மக்களின் தலைவரான றியலின் கதை அது. அதிலே றியலின் மனைவி குழந்தையைத் தாலாட்டும் ஒரு பாட்டு வருகிறது. கேட்டவர்கள் உருகினார்கள். ஆனால் அந்த மெட்டு எங்கிருந்து வந்தது? பிரிட்டிஷ் கொலம்பியாவில் வாழும் நிஸ்கா என்ற முதற்குடி மக்களின் ஒரு சாவுப் பாட்டு அது. 1927 இல் மரியஸ் பார்போ என்ற ஆய்வாளரும் இசைக்கலைஞர் ஏர்னஸ்ட் மக்மிலனும் அங்கே போய்ப் பதிவு செய்துகொண்டு வந்தது. நிஸ்கா மக்களின் வழக்கப்படி ஒரு பாட்டு ஒரு குடும்பத்தின் சொத்து. உரிமையில்லாதவர் பாடக்கூடாது, துக்க வேளையில் அல்லாமல் பாடக்கூடாது. அவர்களுடைய ஒப்பாரி, அவர்களிடம் கேளாமலே, இன்னோர் இனத்துப் பெண்ணின் தாலாட்டாக ஐம்பது வருடம் மேடைகளில் பாடப்பட்டது.

2017 இல் கனடிய ஒபேராக் கம்பனி அதை மறுபடி மேடையேற்றியபோது நிஸ்கா மக்கள் இதைக் கேள்வி கேட்டார்கள். பேச்சுவார்த்தை நடந்தது. அதன் பிறகு, மெற்றி இனத்தவரான இயன் கியூசன் என்ற இசையமைப்பாளரிடம் அந்த இடத்துக்கு வேறொரு புதிய பாட்டு எழுதுவித்தார்கள். அதே இயன் கியூசன், கனிக்கா அம்ப்றோஸ் என்ற எழுத்தாளரோடு சேர்ந்து, "ஒவ் த சீ" என்ற ஒபேராவைச் செய்தார். ரப்பெஸ்ரியும் ஒப்சிடியன் என்ற கறுப்பின நாடக நிறுவனமும் இணைந்து 2023 மார்ச் மாதம் ரொறன்ரோவில் மேடையேற்றின. அடிமைக் கப்பல்களிலிருந்து கடலில் வீசப்பட்ட ஆபிரிக்க மக்களைப் பற்றிய கதை.

கடல் என்றதும் எங்களுக்கும் ஒன்று நினைவு வரும். 1986 ஓகஸ்ட் மாதம் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால், பனிமூட்டத்துக்குள், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் தத்தளித்தார்கள். கஸ் டோல்ற்றன் என்ற மீன்பிடிக் கப்டனும் மற்ற மீனவர்களும் அவர்களைக் காப்பாற்றிக் கரை சேர்த்தார்கள். 2010 ஓகஸ்டில் "சன் சீ" கப்பலில் 492 பேர் மேற்குக் கரைக்கு வந்து, மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டார்கள். இவற்றை நான் ஒபேராவுக்கு ஏற்ற கதை என்று வியாபாரமாகச் சொல்லவில்லை. இவை பாடப்பட வேண்டியவை. பாடுவதற்கு எங்களிடம் மரபும் இருக்கிறது. அம்பாப் பாட்டு இருக்கிறது, கப்பற் பாட்டு இருக்கிறது, ஒப்பாரி இருக்கிறது.

ஒப்பாரியைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் அம்மம்மாமாரில் பலருக்கு ஒப்பாரி சொல்லத் தெரியும். இந்த நாட்டின் மரணச் சாலைகளில் அதற்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை. அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நாளை ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான் என்றே வைத்துக்கொள்வோம், எங்கோ ஓர் ஒலிநாடாவில் எங்கள் ஒப்பாரியைக் கண்டெடுத்து, அது எதற்கு, யார் யாருக்காகச் சொன்னது என்று அறியாமலே தாலாட்டாக்கி மேடையேற்றினால், எங்களுக்கு எப்படி இருக்கும்? நிஸ்கா மக்களுக்கு அப்படித்தான் இருந்திருக்கும். அதற்கு மருந்து வேலி போடுவதல்ல. அந்த ஒப்பாரியின் பொருள் தெரிந்த பேரப்பிள்ளை ஒருவர், அம்மம்மாவிடம் கேட்டு, அனுமதி பெற்று, தானே ஆக்க வேண்டும். அதுதான் மருந்து.

என்ன செய்யலாம்?

கணக்காளன் என்ற முறையில் சில நடைமுறை யோசனைகளைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, அரங்கேற்றம் வைக்கிற ஒவ்வொரு குடும்பமும், ஆண்டு விழா நடத்துகிற ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும், செலவுப் பட்டியலில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளட்டும். ஐந்து நிமிடப் புதிய உருப்படி ஒன்று. இந்த நகரத்தில் வாழும் ஒருவர் எழுதி, இன்னொருவர் மெட்டமைத்தது. மேடை அலங்காரத்தில் இரண்டு தூணைக் குறைத்தால் அதற்குக் காசு வந்துவிடும்.

இரண்டாவது, சும்மா கேட்காதீர்கள். எங்களுக்குள் ஒரு பழக்கம் இருக்கிறது, "தம்பி நல்லாய்ச் செய்வான், சமூகத்துக்குத்தானே" என்று. பிளம்பருக்குக் காசு கொடுக்கிறோம், சமையல்காரருக்குக் கொடுக்கிறோம். பாட்டு ஆக்குபவருக்கும் கொடுக்க வேண்டும். ஒரு பக்கத்தில் ஓர் ஒப்பந்தம் எழுதுங்கள். எத்தனை நிமிடம், எந்தத் திகதிக்குள், எவ்வளவு தொகை, பாதி முற்பணம், மீதி கையளிக்கும்போது. ஒன்றை நினைவில் வைத்திருங்கள். காசு கொடுத்துவிட்டதால் பாட்டு உங்களுடையதாகிவிடாது. எழுத்தில் மாற்றிக் கொடுத்தாலொழிய, கனடாச் சட்டப்படி பதிப்புரிமை ஆக்கியவருக்கே உரியது. 2022 டிசம்பர் முடிவிலிருந்து அந்த உரிமை ஆக்கியவரின் வாழ்நாளுக்குப் பிறகும் 70 வருடம் நீடிக்கிறது. முன்பு அது 50 வருடமாக இருந்தது. ஆகவே ஆக்கியவர் தம் உருப்படியை சொக்கான் என்ற உரிமைச் சங்கத்தில் பதிந்து வைக்கட்டும். வானொலிகளும் மண்டபங்களும் கட்டுகிற உரிமைப் பணம் அதன் வழியாகத்தான் ஆக்கியவர்களுக்குப் போகிறது.

மூன்றாவது, எழுதி வையுங்கள். பாட்டையும் சுரத்தையும் தாளில் எழுதி, ஒலிப்பதிவும் செய்து வைத்தால்தான் இன்னொரு பிள்ளை அதை இன்னோர் இடத்தில் பாடலாம். ஒருமுறை பாடி மறந்துபோகும் பாட்டு செலவுக் கணக்கில்தான் வரும். பலர் பாடுகிற பாட்டு சொத்துக் கணக்கில் வரும்.

நான்காவது, அடுக்குப் பார்த்தல் ஒன்றை நடத்துவோம். வருடத்தில் ஒருநாள், பாடசாலை மண்டபம் ஒன்றிலோ நூல்நிலைய அறை ஒன்றிலோ. எங்கள் பிள்ளைகள் ஆக்கிய குறுங்காட்சிகளும் உருப்படிகளும் மட்டும். பிரதம விருந்தினர் வேண்டாம், பொன்னாடை வேண்டாம். மனவெளி கலையாற்றுக் குழுவினர் அரங்காடல் என்ற பெயரில் இந்த நகரத்தில் புதிய நாடகங்களுக்கு மேடை கொடுத்தவர்கள். நாடகத்துக்குச் செய்ய முடிந்ததை இசைக்கும் செய்யலாம். வருகிறவர்கள் ஒன்றை ஏற்றுக்கொண்டு வர வேண்டும். சில உருப்படிகள் நன்றாக இராது. அப்போது முகம் சுளிக்காமல், எது பிடித்தது, எது விளங்கவில்லை என்று ஆக்கியவரிடம் சொல்ல வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் கிழமைக் கூத்தில் செய்தது போல.

ஐந்தாவது, பொதுப் பணம் இருக்கிறது. அதற்கு நாங்களும் வரி கட்டுகிறோம். கனடாக் கலைகள் மன்றம் 1957 இலும், ஒன்ராறியோக் கலைகள் மன்றம் 1963 இலும், ரொறன்ரோக் கலைகள் மன்றம் 1974 இலும் தொடங்கப்பட்டவை. புதிய இசையை ஆக்குவிக்க இவற்றில் நிதித் திட்டங்கள் உண்டு. விண்ணப்பத்தில் எங்கள் கலைஞர்கள் பலரும் பயப்படுகிற பக்கம் வரவு செலவுத் திட்டப் பக்கம். அந்தப் பக்கத்தை நிரப்ப நான் உதவத் தயார். வானொலி நிலையத்துக்கு எழுதுங்கள் அல்லது கூப்பிடுங்கள், செய்தி எனக்கு வந்து சேரும். இதற்குக் கட்டணம் இல்லை.

இன்னும் ஒன்று. ஒபேரா பார்க்க வசதி வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். குவீன் வீதியும் யூனிவர்சிற்றி அவெனியூவும் சந்திக்கும் இடத்தில் 2006 இல் திறந்த ஃபோர் சீசன்ஸ் சென்ரர் என்ற ஒபேரா மண்டபம் மதிய வேளை இலவசக் கச்சேரிகளுக்குப் பெயர் பெற்றது. இந்த நகரத்தில் கனடிய இசை நிலையமும் இருக்கிறது. கனடா நாட்டு இசையமைப்பாளர்களின் சுரத்தாள்களைச் சேர்த்து வைப்பதற்காக 1959 இல் உருவான நிறுவனம் அது. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய் வாருங்கள். அந்த அலுமாரிகளில் சான் கா நின்னின் பெயரைப் பிள்ளைக்குக் காட்டுங்கள்.

அன்பான நேயர்களே, ஊரை விட்டு வரும்போது நாங்கள் கொண்டுவந்தவை கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் பாட்டும் இருந்தது. அதை நாற்பது வருடமாக இந்தக் குளிர் நாட்டில் காப்பாற்றி, பிள்ளைகளுக்குக் கையளித்துவிட்டீர்கள். இனிப் பிள்ளைகள் எங்களுக்கு ஏதாவது பாடித் தரும் முறை. அதற்கு அவர்களிடம் கேளுங்கள்; கேட்கும்போது முற்பணத்தையும் கொடுங்கள்.